பி 172, பி 147, பி 109: ஐயாவின் கவரோடு மூன்று துறைமுகங்கள்

முதல் நாள், சிங்கப்பூர்

தேவகோட்டையில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பினாங்கில் செட்டியார் வட்டிக்கடை நடந்த கிட்டங்கியில் அடுத்தாளாக (ஏஜெண்டுக்கு அடுத்த ஆளாக) இருந்தபோது வீட்டுக்கு எழுதிய காயிதங்கள் அதற்குள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒவ்வொன்றும் பிள்ளையார் சுழியோடு தொடங்கும். அதன் கீழே ‘சிவமயம்’ என்றிருக்கும். நான் தபால்தலை சேர்க்க ஆரம்பித்ததே அந்தப் பெட்டியிலிருந்துதான். சின்ன வயதில் ஸ்டாம்புகளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டுக் கவர்களைத் தூக்கிப்போட்டேன். கவரோடு முத்திரையும் போகிறது என்று அப்போது சொல்லித்தர ஆள் இல்லை. என் கைக்குத் தப்பியது பத்துப் பதினைந்து கவர்தான்.

அதில் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறேன். பினாங்கில் 1938 மார்ச் 11 அன்று குத்திய வட்ட முத்திரை முன்பக்கம். பின்பக்கம் தேவகோட்டை முத்திரை, மார்ச் 19. இரண்டுக்கும் நடுவே எட்டு நாள், ஒரு வங்காள விரிகுடா. அந்த முத்திரை குத்தப்பட்ட ஊரில் போய் நிற்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. போகிற வழியில் சிங்கப்பூரையும் மலாக்காவையும் பார்க்காமல் போனால் கதை பாதிதான். பழைய தபால் கணக்கில் இந்த மூன்று ஊரும் ஒரே கொத்து; தலைப்பில் இருப்பவை அவற்றின் பழைய முத்திரை எண்கள்.

இறங்கிய கையோடு போனது ஃபுல்லர்ட்டன் கட்டடத்துக்கு. இன்று பெரிய ஹோட்டல். 1928 ஜூன் 27 அன்று திறந்ததிலிருந்து 1996 வரை சிங்கப்பூரின் தலைமைத் தபால் நிலையம் இதற்குள்தான் இருந்தது. ஆற்று முகத்தில், கடலைப் பார்த்து, தூண்தூணாக எழும்பி நிற்கிறது. பெயர் ராபர்ட் ஃபுல்லர்ட்டனுடையது. பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றையும் 1826இல் ஒன்றாகக் கட்டி ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்’ ஆக்கியபோது முதல் கவர்னர் அவர்.

வாசலில் நின்ற ஊழியரிடம் பழைய தபால் கவுண்ட்டர் எங்கே இருந்தது என்று கேட்டேன். தரைத்தளம் முழுக்க என்று கையை வீசிக் காட்டினார். சுமார் 300 அடி நீளத்துக்குக் கவுண்ட்டர் ஓடியதாம். எனக்குப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கட்டடத்துக்கு அடியிலிருந்து சாலையைக் கடந்து படகுத்துறைக்கு ஒரு சுரங்கப்பாதை போனது. தபால் மூட்டைகள் மழை, வெயில், வண்டி எதிலும் சிக்காமல் அதன் வழியே துறைக்குப் போய்ப் படகேறும். கடிதத்துக்காகவே பூமியைக் குடைந்திருக்கிறார்கள்! இந்தத் தீவில் சாலைத் தூரங்களை அளந்ததும் இந்தத் தபால் நிலையத்தைப் பூஜ்யமாக வைத்துத்தான். எட்டாவது மைல், பத்தாவது மைல் என்று இடத்தைச் சொன்னால், இங்கிருந்து அவ்வளவு மைல்.

ஐயா 1935இல் முதல் கணக்குக்குப் பினாங்கு வந்தவர். மூன்று வருஷ வேலைக்காலம் ஒரு கணக்கு. இந்தக் கட்டடம் அப்போது ஏழு வயசுக் குழந்தை.

இரண்டாம் நாள், சிங்கப்பூர்

கோல்மன் தெருவில் தபால்தலை அருங்காட்சியகமாக இருந்த இடம் இப்போது குழந்தைகள் அருங்காட்சியகம். வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அதனால் நான் பார்க்க விரும்பியதையெல்லாம் தோ பாயோவில் இருக்கும் ஒரு நண்பரின் வீட்டில்தான் பார்க்க முடிந்தது. ஊர் மானாமதுரை. இங்கே வந்து நாற்பது வருஷம். ‘பி 172’ ஒன்றுக்கே இரண்டு ஆல்பம் வைத்திருக்கிறார்.

பி 172 என்றால் என்னவென்று சேகரிப்பு வழக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1854 அக்டோபர் 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே தபால்தலை வந்தது. அப்போது சிங்கப்பூரை ஆண்டது கல்கத்தா. ஆகவே இங்கும் இந்தியத் தபால்தலைதான். விக்டோரியா ராணியின் தலை, விலை அணாவில். ஒட்டிய தபால்தலையை மறுபடி பயன்படுத்தாமல் இருக்க அதன்மேல் கறுப்பு மையில் அடித்துக் ‘கொல்ல’ வேண்டும். அதற்கு ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் ஒரு எண். வங்காள வட்டத்துக்கு ‘பி’, நம் சென்னை வட்டத்துக்கு ‘சி’. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் 172, பினாங்கு 147, மலாக்கா 109. கோடுகளால் ஆன ஓர் எண்கோணம், நடுவில் மேலே பி, கீழே எண். ஊர்ப் பெயர் கிடையாது, தேதி கிடையாது. தேதி முத்திரை கவரில் வேறோர் இடத்தில் தனியாக விழும். தலையைக் கவரிலிருந்து பிரித்துவிட்டால் மிஞ்சுவது அந்த எண் மட்டும்தான்.

நண்பர் முதல் பக்கத்தைப் புரட்டினார். நாலணா, எட்டணாத் தலைகள். ஓர் ஓரத்தில் வெறும் ‘72’ மட்டும் விழுந்த ஒரு துண்டு. “இதுக்குத்தான் ரொம்ப நாள் அலைஞ்சேன். முன்னாடி ஒண்ணு இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க” என்றார். கறுப்பு மையின் ஓரத்தில் ஒரு கீற்று தெரிந்தது. எனக்கு அது ஒன்றாகத்தான் பட்டது.

கல்கத்தாவிலிருந்து ஆளப்படுவது இந்த ஊர் வியாபாரிகளுக்குப் பிடிக்கவே இல்லை. சந்தையில் புழங்கியது டாலர், அரசாங்கம் கணக்கெழுதியது ரூபாய், அணா, பைசாவில். 1855இல் ரூபாயை இங்கே அழுத்தமாகப் புகுத்தப் பார்த்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து தள்ளுவதும் குறையாக இருந்தது. (அந்தக் கைதிகள் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் காலையில்தான் கடந்து வந்தேன். வெள்ளை வெளேரென்று நிற்கிறது.) மனுமேல் மனு போட்டு, கடைசியில் 1867 ஏப்ரல் 1 அன்று மூன்று ஊரும் இந்தியாவிடமிருந்து பிரிந்து லண்டனின் நேரடிக் குடியேற்ற நாடாயின.

ஆட்சி மாறிவிட்டது. தபால்தலை? ஆகஸ்ட் கடைசிவரை அணாத் தலைகளே ஓடின. செப்டம்பர் 1 அன்று அதே இந்தியத் தலைகள் மேல் ஒரு கிரீடத்தையும் சென்ட் விலையையும் அச்சடித்து வெளியிட்டார்கள். மொத்தம் ஒன்பது விலை. அதிலிருக்கும் சிக்கனத்தைப் பாருங்கள். ஒரே ஓரணாப் பழுப்புத் தலை சிவப்பு மையில் 2 சென்ட் ஆனது, நீல மையில் 3 சென்ட் ஆனது, கறுப்பு மையில் 4 சென்ட் ஆனது. இரண்டணா மஞ்சள் தலையோ 6, 8 என்று போய் 32 சென்ட் வரை ஏறிவிட்டது. அரையணா நீலம் ஒன்றரை சென்ட். அந்த ஒன்றரையைப் பேனாவால் அடித்துக் கையாலேயே 2 என்று எழுதிய தலைகளும் உண்டு. நண்பரிடம் அதன் படம்தான் இருந்தது. அசலை வாங்க வீட்டை விற்க வேண்டும் என்றார்.

நான் இந்தப் பயணம் கிளம்பியதற்கான இன்னொரு காரணம் அடுத்த பக்கத்தில் இருந்தது. கிரீடம் அடித்த புதுத் தலைகளின் மேலும் பி 172 விழுந்திருக்கிறது! அந்த டிசம்பரில் லண்டனில் புதிதாக அச்சான, ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்’ என்று பெயர் போட்ட தலைகளின் மேலும் விழுந்திருக்கிறது. கல்கத்தாவுக்கும் இந்த ஊருக்கும் உறவு முறிந்த பிறகும் குமாஸ்தாவின் கையில் இருந்தது கல்கத்தா கொடுத்த பட்டியல் எண்தான். யாரும் அவரிடம் அந்தக் கட்டையைக் கீழே வைக்கச் சொல்லவில்லை போலும். நான் அந்தப் பக்கத்தை விட்டு வெகுநேரம் நகரவில்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், பலபேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் தலைகள் சிலவற்றின் மேல் பெரிதாக ஒற்றை ‘பி’ மட்டும் அச்சாகியிருக்கும். அது வங்காளம் இல்லை, பாங்காக். அங்கிருந்த பிரிட்டிஷ் தூதரகத் தபால் நிலையம் சிங்கப்பூர் வழியாகத்தான் கடிதம் அனுப்பியது. 1882 முதல் அந்த பி. சயாம் சர்வதேசத் தபால் சங்கத்தில் சேர்ந்ததும் 1885 ஜூலையில் அந்தத் தூதரகத் தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள்.

சாயங்காலம் மார்க்கெட் தெரு. நம் செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு. ஒன்று இல்லை. கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே நடந்து, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள், மலாக்கா

காலைப் பேருந்தில் எல்லை தாண்டி மதியம் மலாக்கா. வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயில்.

எண்களில் சிறியது இந்த ஊருடையது, 109. வரலாறோ மூன்றில் மூத்தது. போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிறகு 1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர். டச்சுச் சதுக்கத்தில் எல்லாம் செம்மண் நிறம். 1753இல் கட்டிய கிறிஸ்து தேவாலயத்தை ஒட்டியிருக்கும் ஒரு கட்டடம் ஒருகாலத்தில் தலைமைத் தபால் நிலையம். இப்போது இளைஞர் அருங்காட்சியகம். உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தேன். பி 109 குத்தப்பட்டது இதே கூரையின் கீழ் என்று சொல்லமாட்டேன், அந்த எண்ணின் காலம் இன்னும் முந்தியது. ஆனாலும் உட்காரத் தோன்றியது.

மலாக்காவை நான் நினைப்பது வேறொரு முத்திரைக்காக. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் கிடங்கிலிருந்த பிரிட்டிஷ் தலைகளை வீணாக்கவில்லை. மேலே தங்கள் முத்திரையைக் குத்தி விற்றார்கள். மலாக்காவில் அதற்கு எடுத்த முத்திரை மிகப் பெரியது, அரசு அலுவலகத்தின் சதுர முத்திரை. ஒரு தலையில் அடங்காது. நான்கு தலைகள் சேர்ந்த சதுரத்தின் நடுவில் குத்தினால் ஒவ்வொரு தலைக்கும் கால் பங்கு விழும். நான்கும் சேர்ந்திருந்தால்தான் முத்திரையை வாசிக்க முடியும். கடிதத்துக்கு ஒன்று ஒன்றாகக் கிழித்து ஒட்டியிருப்பார்கள். ஒரே முத்திரையின் நான்கு கால் துண்டுகள் நான்கு வீட்டுக்குப் போயிருக்கும்.

மாலையில் ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில். 1781இல் மலாக்காச் செட்டிகள் எழுப்பியது. அவர்கள் நம் நகரத்தார் இல்லை. நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறி, மலாய் பேசி, சைவத்தை விடாமல் வைத்திருக்கும் மக்கள். பிள்ளையார் முன்னால் நின்றபோது ஐயாவின் காயிதத்துத் தலைச்சுழி நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள், பேருந்திலும் பினாங்கிலும்

பகல் முழுக்கப் பேருந்து. ஜன்னலுக்கு வெளியே செம்பனை, செம்பனை, மறுபடி செம்பனை. மடியில் கவர்.

அதைப் பற்றி எழுத இதுவே சரியான இடம். இந்தக் கவர் வந்தது நாகப்பட்டினம் கப்பலில். ஐயா போனதும் வந்ததும் ‘ரஜூலா’வில். 1926இல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஓடியது. மேல்தளத்தில் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்த கப்பல். அந்தக் கூட்டத்துக்குக் கீழே எங்கோ ஓர் அறையில் தபால் மூட்டை.

ஐயாவின் மனைவி, எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே முகப்புக்கு வந்து நின்றுவிடுவாகளாம். கவரைக் கையில் வாங்கியதும் ஸ்டாம்பைப் பார்ப்பதில்லை. வட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகளை விரலால் எண்ணுவாக. ஆறு இருந்தால் பினாங்கு. ஆங்கிலத்தில் பினாங்குக்கு ஆறு எழுத்து. ஒன்பது இருந்தால் சிங்கப்பூர், வேறு யாரோ உறவுக்காரர் எழுதியது. ஆறு என்று தெரிந்தால்தான் அப்பச்சியை (என் அப்பாவை) கூப்பிட்டு, “உங்க அப்பச்சி காயிதம், வாசி” என்பாகளாம். அப்பச்சி எங்களுக்கு எத்தனையோ தரம் சொன்ன கதை.

இரண்டாவது கணக்குக்கு ஐயா 1939இல் போனார். 1942இல் திரும்பியிருக்க வேண்டும். பெட்டியில் 1941 நவம்பர் கவர் ஒன்று இருக்கிறது, ஓரம் கத்தரித்துத் தணிக்கைச் சீட்டு ஒட்டியது. அதற்கு அடுத்தது 1945 டிசம்பர். நடுவே ஒன்றும் இல்லை. 1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்தது, அந்த மாதமே ஜப்பானியர் வந்துவிட்டார்கள். மலாயாவிலிருந்து நம் ஊருக்குத் தபால் நின்றுபோனது. நான்கு வருஷம் அப்பத்தா முகப்புக்கு வந்து நின்றிருக்கிறாக.

இருட்டும் நேரத்தில் பாலம் தாண்டி ஜார்ஜ் டவுன் விளக்குகள். இன்று இவ்வளவுதான்.

ஐந்தாம் நாள், பினாங்கு

விடிந்ததும் பினாங்குத் தெரு. வட்டிக்கடைகள் இருந்த கட்டடங்கள் சில இன்னும் அப்படியே. நீளமான உள்கட்டு, தரையோடு தரையாகப் பெட்டியடி போட்டு உட்கார்ந்த கூடம். ஐயாவின் கிட்டங்கி எது என்று கதவு எண் தெரியும். இப்போது துணிக்கடை. உள்ளே போய் ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் கிளம்பும் கோயில் வீடு அதே தெருவில். அங்கே இருந்த பெரியவர் கவரைக் கையில் வாங்கி, முத்திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லா விழுந்திருக்கு” என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அங்கிருந்து நடந்தே கடற்கரைப் பக்கம். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷம் ஆனதற்காக 60 அடியில் கட்டிய மணிக்கூண்டைத் தாண்டினால் டவுனிங் தெரு. 1871இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் தந்திக் கம்பி வந்து சேர்ந்தது இந்தத் தீவுக்குத்தான், இங்கிருந்துதான் சிங்கப்பூருக்குப் போனது. அதற்கு முன்பு எல்லாமே கப்பல். 1845 ஆகஸ்டில் ‘லேடி மேரி வுட்’ என்ற நீராவிக் கப்பல் காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு முதல் ஒழுங்கான தபாலைக் கொண்டுவந்தது. லண்டன் கடிதம் 41 நாளில் கைக்கு வந்ததைப் பெரிய வேகமாகக் கொண்டாடியிருக்கிறார்கள்.

பினாங்கின் ஜப்பானிய முத்திரை மலாக்காவுடையதுபோல் அலுவலக முத்திரை இல்லை, அதிகாரிகளின் சொந்த முத்திரை. 1942 மார்ச் கடைசியில் ஒக்குகாவா, உச்சிபோரி என்ற இரண்டு அதிகாரிகளின் பெயர் முத்திரைகளைப் பிரிட்டிஷ் ராஜா முகத்தின்மேல் கையால் குத்தினார்கள். சில வாரத்தில் ‘தாய் நிப்பொன் 2602 பினாங்கு’ என்று அச்சடித்த தலைகள் வந்தன. 2602 என்பது அவர்கள் ஆண்டுக் கணக்கில் 1942. தோ பாயோ நண்பரின் ஆல்பத்தில் ஒக்குகாவா முத்திரை விழுந்த தலை ஒன்றைப் பார்த்தேன். சின்னதாக, சிவப்பாக, அழகாகவே இருந்தது. அந்த நாட்களில் ஐயா இந்தத் தெருக்களில்தான் இருந்தார். அப்படி ஒரு தலையை வாங்கினாரோ, வாங்கி யாருக்கு எழுத முடிந்திருக்கும்? அவர் அந்த நான்கு வருஷத்தைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கை மட்டும் தொடமாட்டார்.

1945 டிசம்பர் கவரில் ஒட்டியிருப்பது போருக்கு முந்திய ஸ்ட்ரெய்ட்ஸ் தலை, மேலே ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று அச்சு. பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். அதன்மேல் விழுந்திருப்பது பழைய மாதிரியான அதே வட்டம். ராஜா போய், கிரீடம் போய், பேரரசர் வந்து போய், ராணுவம் வந்தும் குமாஸ்தாவின் கையில் அந்த வட்டம் இருந்திருக்கிறது. அப்பத்தா ஆறு எழுத்தை எண்ணியபோது ஒருதரம் போதாமல் மூன்றுதரம் எண்ணினாகளாம்.

இன்றைய தலைமைத் தபால் நிலையம் டவுனிங் தெருவில் உயரமான ஒரு புதுக் கட்டடத்தில் இருக்கிறது. டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். கவுண்ட்டரில் நம் பெண்தான், முப்பது வயது இருக்கும்.

“எந்த ஊருக்கு ஐயா?”

“இந்தியா. தேவகோட்டை. எங்க பெரிய ஆச்சிக்கு.”

தபால்தலையைக் கொடுத்தார். ஒட்டிவிட்டு, முத்திரையை இங்கேயே என் கண்ணெதிரே கையால் குத்த முடியுமா, பாதி தலையிலும் பாதி அட்டையிலுமாக விழவேண்டும் என்று கேட்டேன். எதற்கென்று முகத்தில் கேள்வி தெரிந்தது. உறையிலிருந்து ஐயாவின் கவரை எடுத்து வைத்தேன். தேதியைப் படித்தார். “1938ஆ!” என்று பக்கத்துக் கவுண்ட்டர்க்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“எங்க தாத்தாவும் கப்பல்ல வந்தவருதான் ஐயா. நாகப்பட்டினம். காயிதம் ஒண்ணும் வைக்கல.”

முத்திரைக் கட்டையை எடுத்து மைப்பெட்டியில் ஒற்றினார். முதலில் ஒரு துண்டுத் தாளில் குத்திப் பார்த்தார். மை கொஞ்சம் அதிகம். ஒருமுறை ஒற்றியெடுத்துவிட்டு, அட்டையை நேராக்கி, மூச்சைப் பிடித்துக் குத்தினார். ஓரம் கலையாத முழு வட்டம்.

அந்தத் துண்டுத் தாளைக் குப்பையில் போடப் போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “வேணுமா ஐயா?”

வாங்கி, மை காயும்வரை அங்கேயே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஐயாவின் கவரோடு அதே உறையில் வைத்தேன்.